கூரை மேல் ஓடி வந்த ஆள்

எங்கள் வீட்டுக்கு விசிடி பிளேயர் வந்தது 2002இல். கோவில்பட்டியில் அப்போது ஒரு நாள் வாடகை பத்து ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் புதுப்படம் எல்லாம் போய்விட்டிருந்தது. கடைக்கார அண்ணன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த உறை ஒன்றை எடுத்துத் தட்டிவிட்டு, "சாப்ளின் படம்டே, கொண்டு போ. பேச்சே கிடையாது. வீட்ல சண்ட போட்டுக்கிட்டே பாக்கலாம்" என்றார். 'தி கிட்'. 1921இல் வந்த படம்.

அப்பா, அம்மா, தங்கை, நான், பக்கத்து வீட்டு ஆச்சி என்று ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். சாப்ளின் எடுத்து வளர்க்கும் பையன் கல்லெறிந்து வீட்டு ஜன்னலை உடைப்பதும், அடுத்த நிமிடமே புதுக் கண்ணாடியை முதுகில் கட்டிக்கொண்டு சாப்ளின் ஒன்றும் தெரியாதவர்போல அந்தத் தெருவுக்கு வருவதும் பார்த்து ஆச்சிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். அப்பா அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. அநாதை விடுதிக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து பையனைத் தூக்கிப்போய் லாரியில் போடுகிறார்கள். பையன் இரண்டு கைகளையும் நீட்டி அழுகிறான். அப்பா எழுந்தார். "மோட்டார ஆஃப் பண்ணுனேனான்னு பாத்துட்டு வாரேன்" என்று கொல்லைப்பக்கம் போனார். அன்றைக்கு மோட்டார் போடவே இல்லை. அம்மா மட்டும் அவர் போவதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

படம் முடியும் சமயத்தில்தான் வந்தார். நிலைப்படியில் நின்றபடி கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

*

சினிமா பற்றிப் படிக்க ஆரம்பித்த வயதில் எனக்கு ஒரு சுலபமான நம்பிக்கை இருந்தது. நல்ல இயக்குநர் என்றால் தன் கதையைத்தான் எடுப்பார், கதாநாயகன் என்றால் அந்த இயக்குநரேதான், பெயரை மட்டும் மாற்றியிருப்பார். பாடல் வெளியீட்டு விழாக்களில் "இது என் வாழ்க்கையில நடந்த கதைங்க" என்று மைக்கைப் பிடித்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வந்த நம்பிக்கை. சாப்ளினின் சுயசரிதையைப் படித்தபோதுதான் அது ஆட்டம் கண்டது.

அந்தப் புத்தகத்தின் முதல் நூறு பக்கத்துக்கு ஈடாக அவர் எடுத்த எந்தப் படமும் கிடையாது என்று நினைக்கும் ஆட்களில் நானும் ஒருவன். 1889இல் லண்டனில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் மியூசிக் ஹால் மேடைகளில் பாடியவர்கள். அப்பா குடும்பத்தை விட்டு விலகிப்போனார். குடிதான் அவருடைய முழுநேர வேலை, பாட்டு அதற்கு அப்புறம். அம்மா ஹன்னாவின் குரல் கெட்டது. மேடை போனது. தையல் மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு பையன்களைக் காப்பாற்றப் பார்த்தார். சார்லியும், நான்கு வயது மூத்த அண்ணன் சிட்னியும்.

1896இல் அதுவும் முடியவில்லை. மூவரும் லாம்பெத் ஒர்க்ஹவுஸில் போய்ச் சேர்ந்தார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகளைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, வேலை வாங்கி, கூடவே அவமானத்தையும் கொடுத்த அரசாங்க விடுதி அது. வாசலிலேயே பிரித்துவிடுவார்கள். பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். சில நாள் கழித்துப் பார்வையாளர் அறையில் அம்மாவைப் பார்த்தபோது, விடுதி உடுப்பில் அவரை அடையாளம் தெரியாமல் திகைத்துப்போனதைச் சாப்ளின் எழுதியிருக்கிறார். அப்போது சார்லிக்கு ஏழு வயது. சில வாரங்களில் இரண்டு பையன்களையும் ஊருக்கு வெளியே ஹான்வெல்லில் இருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வண்டியேற்றி அனுப்பினார்கள். அங்கே படர்தாமரை வந்து, தலையை மழித்து அயோடின் தடவி, தனி அறையில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே விளையாடும் மற்ற பையன்களைக் கண்டு கூசி, வெளியே எட்டிப் பார்க்காமலே இருந்திருக்கிறான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வருகிறது. எனக்கு அந்தப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த இடம். ஹன்னா ஒரு தந்திரம் செய்கிறார். விடுதியிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்லிப் பிள்ளைகளையும் தன்னோடு வெளியே எடுக்கிறார். போக வீடு கிடையாது. சிட்னியிடம் ஒன்பது பென்ஸ் இருக்கிறது. கென்னிங்டன் பூங்காவில் உட்கார்ந்து செர்ரிப் பழம் வாங்கித் தின்கிறார்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கிச் சுருட்டிக் கயிறு சுற்றிப் பந்தாக்கிப் பிடித்து விளையாடுகிறார்கள். கடையில் ஒரு ரொட்டியும் ஒரு உப்பு மீனும் இரண்டு கோப்பைத் தேநீரும் வாங்கி மூன்று பேரும் பங்கு போடுகிறார்கள். சாயங்காலம் திரும்ப அதே விடுதிக்குப் போய், சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்கள். அதிகாரிகளுக்கு ஆத்திரமான ஆத்திரம். உடுப்பையெல்லாம் திரும்ப ஆவியில் வைத்து எடுக்கவேண்டும், எழுதிய காகிதங்களை எல்லாம் மறுபடி எழுதவேண்டும். ஒரு பகல் முழுக்க அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே சிறைக்குத் திரும்பிய ஒரு தாய்! சாப்ளின் படங்களில் போலீஸ்காரரின் முதுகுக்குப் பின்னால் நடக்கும் அத்தனை குறும்பும் இந்த அம்மாவிடமிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவார் அம்மா, மனிதர்களைக் கவனிக்க அவரிடம்தான் படித்தேன் என்று சாப்ளினே சொல்கிறார்.

அந்த அம்மாவுக்குத்தான் புத்தி பிசகியது. 1898இல் ஒரு முறை. பிறகு 1903இல். சார்லிக்கு அப்போது பதினான்கு. வெளியே போய்விட்டு வீடு திரும்பியவனை வாசலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மறித்து, உங்கம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கரித்துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சிட்னி கப்பலில் வேலைக்குப் போயிருந்த நேரம். அம்மாவைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு நடத்திக்கொண்டு போனது இந்தப் பையன்தான். பிற்பாடு அவனிடம் அம்மா சொன்னாராம், அன்றைக்கு மத்தியானம் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று. சாப்ளின் படங்களில் ஏன் இவ்வளவு சாப்பாடு, ஏன் இவ்வளவு பசி, பூட்ஸைக்கூட ஏன் வேகவைத்துப் பரிமாறித் தின்கிறார் என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தேநீரைத்தான் காட்டுவேன்.

*

சரி, 'தி கிட்'டுக்கு வருவோம். 1919 ஜூலையில் சாப்ளினுக்கும் அவருடைய முதல் மனைவி மில்ட்ரெட் ஹாரிஸுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்தது. அடுத்த சில வாரங்களுக்குள் அவர் இந்தப் படத்தில் இறங்கிவிட்டார். குழந்தை செத்த துக்கத்தில் எடுத்த படம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தத் துக்கமும் உள்ளே உண்டு. ஆனால் படத்தில் வரும் சாய்ந்த கூரை மாடி அறையும், சந்தும், கந்தலும் கலிஃபோர்னியாவுடையவை அல்ல. கென்னிங்டனில் பவுனல் டெரஸ் என்ற தெருவில் அம்மாவோடு குடியிருந்த கூரையடி மாடி அறையை அவர் செட் போட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறார்.

இதில்தான் என் பழைய நம்பிக்கை உடைந்தது. சாப்ளின் தன் வாழ்க்கையைப் படமாக எடுத்தார் என்றால், அந்தப் படத்தில் சாப்ளின் யார்? லாரியில் ஏற்றப்படும் பையன். ஏழு வயதில் வண்டியேற்றி ஹான்வெல்லுக்கு அனுப்பப்பட்டவன் அவன்தானே. ஆனால் படத்தில் சாப்ளின் அந்தப் பையனாக இல்லை. பையன் வேடத்தை ஜாக்கி கூகனிடம் கொடுத்துவிட்டு, 1896இல் அந்த இடத்திலேயே இல்லாத ஓர் ஆளின் வேடத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு பேர் பிடித்து அமுக்கியும் திமிறிக்கொண்டு, கூரை ஜன்னல் வழியே வெளியேறி, ஓட்டுக்கு ஓடு தாவி, லாரிக்கு மேலாகக் குறுக்கே ஓடிவந்து, உள்ளே குதித்து, அதிகாரியை உதைத்துத் தள்ளிப் பையனை வாரி எடுத்துக்கொள்ளும் ஆள்.

அப்படி ஒருவரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவர் கென்னிங்டன் சாலை மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மதுக்கடைக் கதையும் புத்தகத்தில் இருக்கிறது. த்ரீ ஸ்டாக்ஸ் என்பது கடையின் பெயர். ஒரு நாள் சாயங்காலம் அந்த வழியாக நடந்துபோன சார்லி, அப்பா உள்ளே இருக்கிறாரா என்று கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்க்கிறான். இருக்கிறார். உடம்பு வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு. மகனைக் கண்டதும் முகம் மலர்ந்து அருகே கூப்பிடுகிறார். அம்மாவைப் பற்றி, சிட்னியைப் பற்றி விசாரிக்கிறார். கிளம்பும்போது மகனைக் கட்டியணைத்து முத்தம் கொடுக்கிறார். வாழ்க்கையிலேயே முதல் முறை. அப்பாவை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. 1901இல், நாற்பது வயதுகூட ஆகாமல், அவர் இறந்துபோனார்.

இதைப் படித்துவிட்டு மறுபடி 'தி கிட்' பார்த்தேன். லாரியில் குதித்த அந்த ஆள் பையனை இறுக்கிப் பிடித்து வாயிலே முத்தமிடுகிறார். உதடு நடுங்குகிறது. எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஆனால் அன்றைக்கு அந்த முத்தம் மதுக்கடையிலிருந்து வருகிறது என்று தோன்றியது. தவறாக இருக்கலாம், அந்த எண்ணத்தை என்னால் இன்றுவரை தள்ள முடியவில்லை.

அந்தக் காட்சியை எடுத்த விதம் இன்னொரு கதை. நாலைந்து வயதுப் பிள்ளை, எதற்கும் அழ மாட்டேன் என்கிறது. பையனுடைய நிஜ அப்பா, அவரும் நாடக மேடைக்காரர், "நான் அழவைக்கிறேன்" என்று தனியே கூட்டிப்போகிறார். சாப்ளின் மனசு கேட்காமல் வேறு அறைக்குப் போய்விடுகிறார். சிறிது நேரத்தில் வீறிட்ட அழுகை. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, அழாவிட்டால் நிஜமாகவே ஒர்க்ஹவுஸுக்கு அனுப்பிவிடுவேன் என்றேன் என்கிறார் அப்பா. உலகத்தில் எத்தனையோ பூச்சாண்டி இருக்க, சாப்ளினின் படப்பிடிப்புத் தளத்தில் அந்த மனிதருக்கு அகப்பட்டது ஒர்க்ஹவுஸ்! சாப்ளின் பையனைத் தூக்கி, உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று சமாதானம் சொல்கிறார். பையன் காதருகே சொல்கிறான், எனக்குத் தெரியும், அப்பா சும்மா விளையாடினார். கன்னத்தில் ஈரம் காயவில்லை.

(கூகனின் பிற்கால வாழ்க்கை வேறு மாதிரிச் சோகம். பையனாக அவன் சம்பாதித்ததில் பெரும்பகுதியை வீட்டாரே செலவழித்துவிட்டார்கள். அவன் தொடுத்த வழக்கின் விளைவாக, குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்க 1939இல் கலிஃபோர்னியாவில் சட்டமே வந்தது. இன்றும் அது அவன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.)

*

இதைச் சொன்னால் நண்பன் ஒருவன் சண்டைக்கு வருவான். "சுயசரிதை வந்தது 1964ல, படம் வந்தது 1921ல. கிழவர் தன் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு, அதுக்குத் தோதா ஞாபகங்களைத் தைச்சிருக்க மாட்டாரா?" என்பான். நியாயமான கேள்வி. ஹான்வெல் பள்ளிப் பதிவேட்டில் அண்ணன் தம்பி பெயர்கள் இருக்கின்றன, அம்மாவின் மருத்துவமனைப் பதிவுகள் இருக்கின்றன. எலும்புக்கூடு நிஜம். அதன் மேல் உள்ள சதையில் எது நடந்தது, எது படம்பிடிக்கப்பட்டது என்று பிரிக்க முடியாதுதான். அத்தனை வருடம் ஒரு கதாபாத்திரத்தோடு குடித்தனம் பண்ணியவனுக்குத் தன் சிறுவயதே அந்தக் கதாபாத்திரத்தின் நடையில்தான் ஞாபகம் வரும்.

நடை என்றதும் நினைவு வருகிறது. அந்த வாத்து நடை, லாம்பெத்தில் அவருடைய உறவினர் நடத்திய மதுக்கடை வாசலில் வண்டிக்காரர்களின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழவரிடமிருந்து வந்ததாக ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். உடை? தொளதொள கால்சட்டை, இறுக்கமான கோட்டு, சின்னத் தொப்பி, பெரிய பூட்ஸ் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கவேண்டும் என்று 1914இல் ஒரு நாள் உடையலங்கார அறைக்குப் போகிற வழியில் தோன்றியதாம். இருக்கலாம். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். அம்மா தன் பழைய மேடை ஜாக்கெட்டை வெட்டி சிட்னிக்குக் கோட்டு தைக்கிறார். கையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு. தன் குதிகால் செருப்பின் குதியை வெட்டிவிட்டு அவனுக்குப் போடக் கொடுக்கிறார். சார்லிக்கு அம்மாவின் சிவப்பு மேடைக் காலுறை. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் ஓட ஓடக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அளவு ஒத்துவராத, இன்னொருவருடைய உடையைப் போட்டுக்கொண்டு, அதிலேயே கௌரவமாக நடந்துபோக முயலும் ஒரு பிள்ளை. இருபது வருடம் கழித்து ஒரு மத்தியானத்தில் 'தோன்றியது' என்கிறார்!

*

'தி கிட்'டில் பிடிபட்டது எனக்கு இன்னோர் இடத்திலும் கிடைத்தது. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ. அவருடைய முதல் முழுநீளப் படமான 'தி 400 ப்ளோஸ்' 1959இல் வந்தது. வேண்டாத பிள்ளையாக வளர்வது, பள்ளிக்கு மட்டம் போடுவது, வாய் கூசாமல் பொய் சொல்வது, வீட்டை விட்டு ஓடுவது, வளர்ப்புத் தந்தையே போலீஸில் ஒப்படைப்பது என்று அந்தப் படத்தின் ஆண்ட்வான் முழுக்க முழுக்கச் சின்ன த்ரூஃபோதான். இதைப் பார்த்து அவருடைய வீட்டார் மனம் புண்பட்டார்கள். நிஜ வாழ்க்கையில் சீர்திருத்த விடுதியிலிருந்து த்ரூஃபோவை மீட்டெடுத்தவர் ஆந்த்ரே பஸான் என்ற விமர்சகர். படப்பிடிப்பு தொடங்கிய கையோடு, 1958 நவம்பரில், பஸான் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

ஆனால் படத்துக்குள் பஸான் இல்லை. ஆண்ட்வானை மீட்க ஒருவரும் வருவதில்லை. பையன் தானாகவே தப்பி ஓடிக் கடலைச் சேர்கிறான். காலை நனைத்துவிட்டு, திரும்பி நம்மைப் பார்க்கிறான். படம் அப்படியே உறைகிறது.

மீட்டவர் வர இன்னும் பதினோரு வருடம் ஆனது. 1970இல் வந்தது த்ரூஃபோவின் 'தி வைல்ட் சைல்ட்'. காட்டில் தனியே வளர்ந்து, பேச்சே வராத ஒரு சிறுவனை இட்டார் என்ற மருத்துவர் தன் வீட்டில் வைத்துப் பழக்கிய நிஜக் கதை. அதில் மருத்துவராக நடித்தவர் த்ரூஃபோவேதான். படத்தை ஆண்ட்வானாக நடித்த ஜான் பியர் லெயோவுக்குச் சமர்ப்பித்தார். சாப்ளின் ஒரே தாவலில் தாவிய கூரையை இவர் பதினோரு வருடம் ஏறியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சொந்த வாழ்க்கையிலிருந்து நாயகனைச் செய்கிறவர்கள் தங்களையே கொண்டுவந்து திரையில் நிறுத்துவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அன்றைக்குத் தங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய ஆளைத்தான் தேடிக்கொண்டு போகிறார்கள். அந்த ஆள் கிடைக்காவிட்டால் தாங்களே அந்த வேடத்தைப் போட்டுக்கொள்கிறார்கள்.

சாப்ளின் கடைசியில் அப்பாவின் வேடத்தையும் போட்டார். 1952இல் வந்த 'லைம்லைட்'. 1914ஆம் ஆண்டு லண்டன். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, இப்போது குடியில் அமிழ்ந்துபோன கால்வெரோ என்ற மேடைக் கோமாளி. சாகத் துணிந்த இளம் நடனக்காரி ஒருத்தியைக் காப்பாற்றி, எழுந்து நடக்க வைத்து, அவள் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போது திரைமறைவில் உயிரை விடுகிறான். கால்வெரோவில் சாப்ளினின் சொந்தப் பயமும் உண்டு, கூட்டம் சிரிக்க மறந்த கோமாளியின் பயம். ஆனால் குடிகார மேடைக்காரன் ஒருவன் சாவதற்குள் ஒரே ஒரு பிள்ளையையாவது கரைசேர்த்துவிட்டுப் போகிறான் என்று எழுதுவதற்கு, மகனாக இருந்திருக்க வேண்டும். அதில் மருத்துவராக வருபவர் வீலர் ட்ரைடன். ஹன்னாவின் மூன்றாவது பிள்ளை, சாப்ளினின் தம்பி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அவனுடைய தகப்பன் ஹன்னாவிடமிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான். வளர்ந்த பிறகுதான் அண்ணன்களோடு வந்து சேர்ந்தார். இந்தப் படத்தின் லண்டன் வெளியீட்டுக்காகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், திரும்பி வருவதற்கான சாப்ளினின் அனுமதியை அமெரிக்கா ரத்து செய்தது.

*

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நம் பக்கத்தில் மாரி செல்வராஜின் 'வாழை'. தன் சிறுவயதில் ஊரில் நடந்த விபத்தை வைத்து 2024இல் எடுத்த படம். வாழைத்தார் சுமக்கப் போனவர்கள் வந்த லாரி கவிழ்கிறது. அன்று சுமைக்குப் போகாமல் தப்பித்த பையன் பசியோடு வீட்டுக்குள் நுழைந்து சோற்றுச் சட்டியில் கைவைக்கிறான். அங்கே கூரை மேல் ஓடிவர ஒருவரும் இல்லை, வரவும் விடவில்லை. கடைசிவரை பையன் பையனாகவே இருக்கிறான். திரையரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் எழவில்லை. காப்பாற்ற ஒருவரை உண்டாக்குவதற்கு ஒரு தைரியம் வேண்டும் என்றால், உண்டாக்க மறுப்பதற்கு வேறொரு தைரியம் வேண்டும். இரண்டில் எது பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாலுமகேந்திராவின் 'வீடு' இன்னொரு வகை. சிறுவயதில் தங்கள் வீடு எழும்பத் தொடங்கியதும், சிரித்த முகமாக இருந்த அம்மா வேறு ஆளாக மாறிப்போனதைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். மட்டக்களப்புப் பக்கத்தில் கிடந்த அந்த ஞாபகம், 1988இல் சென்னையில் சொந்தமாக ஒரு கூரை கட்டப் போராடும் வேலைக்குப் போகும் பெண்ணாக வந்து நிற்கிறது. அர்ச்சனா நடித்த சுதா. அவளைக் காமிரா ஓர் இடத்திலும் அவசரப்படுத்துவதில்லை. சிறுவனாக இருந்தபோது அம்மாவின் மாற்றத்தைப் பார்த்துப் பயந்தவர், பெரியவரானதும் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஓடிவந்த ஆள், காமிரா.

*

அப்பாவின் கதையை எனக்குச் சொன்னது அத்தை. அதுவும் நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது.

அப்பாவுக்கு ஏழு வயதில் தாத்தா இறந்துவிட்டார். அப்பாவைப் பெற்ற ஆச்சி தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக் கஞ்சி ஊற்ற முடியவில்லை. ஆண் பிள்ளையைப் படிக்க வைத்துச் சோறும் போடுவார்கள் என்று யாரோ சொல்லி, வெளியூரில் ஓர் இலவச விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கிளம்பும்போது, "சேவு வாங்கிட்டு வாரேன், இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நின்றிருக்கிறார். விடுதியில் இருந்த சமையல்கார அம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாளாம். "அதுக்கப்புறம் எங்கண்ணன் சேவே தின்னதில்ல. நீ பாத்திருக்கியா?" என்று அத்தை கேட்டாள். பார்த்ததில்லை. அவருக்குப் பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் கல்லூரி விடுதியில் இருந்த மூன்று வருடமும் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். இரண்டு பஸ் மாறி, மூன்று மணி நேரப் பயணம். கையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். வந்து வாசலில் நிற்பார். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. "சாப்டியா, துணி தொவச்சியா" அவ்வளவுதான். மத்தியானம் கிளம்பிவிடுவார். கிளம்பும்போது, "பஸ் ஏறப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஒரு நாளும் சொல்லாமல் போனதில்லை. பையன்கள் எனக்குக் 'கடலைமிட்டாய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாம் வருடம் ஒரு தடவை, "இனிமே வாராவாரம் வராதீங்கப்பா, எல்லாரும் சிரிக்காங்க" என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வரவில்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் படம் எடுக்கிறவர் இல்லை. மின்வாரியத்தில் கணக்கு எழுதியவர்.

போன மாதம் ஊருக்குப் போனபோது செல்போனில் 'தி கிட்'டைத் தேடி எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். லாரி வந்தபோது எழுந்து போகவில்லை. போனை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் போலீஸ்காரர் அந்த ஆளைக் காரில் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய வீட்டு வாசலுக்கு வருவார். கதவு திறக்கும். பையன் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். பையனின் அம்மா உள்ளே வரச் சொல்வாள். உள்ளே போவார்கள். கதவு மூடும். படம் முடிந்துவிடும்.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். 2002இல் நிலைப்படியில் நின்று கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"உள்ள போனாரே, அந்த ஆள இருக்க விட்டாங்களா, இல்ல சாப்பாடு போட்டு அனுப்பிட்டாங்களா?"

"அது தெரியாதுப்பா. படம் அதோட முடிஞ்சிருது."

"நீதான் அவரப் பத்தி அவ்வளவு படிச்சிருக்கியே" என்றார்.